சென்னை மேயர் பதவி: அங்கி ரிப்பன் மாளிகையில், சாவி கோட்டையில்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தவறாமல் நடப்பது இது. தி.நகரில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவார்கள், அடுத்த பத்தாவது நிமிடம் ஃபேஸ்புக்கில் கேள்வி வந்துவிடும்: மேயர் என்ன செய்கிறார்? 2025-ல் நியூயார்க் மேயர் தேர்தலில் ஸோரான் மம்தானி ஜெயித்தபோது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அந்த ஊர் மேயர் போலீஸ் கமிஷனரையே நியமிக்கிறாராமே, நம்ம ஊர் மேயரால் ஒரு இன்ஸ்பெக்டரையாவது மாற்ற முடியுமா?

முடியாது. இன்ஸ்பெக்டரை விடுங்கள், தன் மாநகராட்சியின் ஆணையரையே அவரால் மாற்ற முடியாது. இதற்குக் காரணம் இப்போது இருப்பவர் நல்லவரா கெட்டவரா, திறமைசாலியா இல்லையா என்பதில் இல்லை. பதவியே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எப்படிக் கட்டினார்கள், யார் கட்டினார்கள் என்று பார்க்க, அந்த நாற்காலியில் உட்கார்ந்த சிலருடைய அரசியல் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தாலே போதும்.

முதலில், மாநகராட்சியில் யார் யார்?

1. மன்றம். 200 வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள். பட்ஜெட், வரி, பெரிய டெண்டர்கள் எல்லாம் இங்கே தீர்மானமாக நிறைவேற வேண்டும்.

2. குழுக்கள். கல்வி, சுகாதாரம், பணிகள், நிதி என்று துறைவாரியாக நிலைக்குழுக்கள், மண்டலங்களுக்கும் தனித்தனிக் குழுக்கள். செய்தியில் இவை அதிகம் அடிபடாது, ஆனால் கோப்புகள் இவற்றைத் தாண்டித்தான் வரும்.

3. ஆணையர். ஐ.ஏ.எஸ். அதிகாரி. நிர்வாகம் முழுக்க இவர் கையில். ஊழியர்களுக்கு உத்தரவு போடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் இவர்தான். இவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு, அதாவது கோட்டை.

சரி, மேயர் எங்கே? மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் அவர். கூட்டத்தை நடத்தலாம், கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், பணிகளை ஆய்வு செய்யலாம், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கலாம். சட்டமன்றத்தோடு ஒப்பிட்டால் அவர் சபாநாயகருக்குப் பக்கத்தில் வருகிறார், முதலமைச்சருக்குப் பக்கத்தில் அல்ல. ஆனால் ஊர் அவரை முதலமைச்சர் மாதிரி நினைத்துக் கேள்வி கேட்கிறது. குழப்பம் எல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. மதிப்பூதியம்தான், அதுவும் 2023-ல்தான் மாதம் 30,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000. ஆண்டுக்கு ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட் போடும் மன்றத்தின் தலைவருக்கு இவ்வளவுதான். கவுன்சிலர்கள் காண்டிராக்டர்களோடு ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

எது மாநகராட்சி வேலை, எது இல்லை?

குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், கொசு மருந்து, தெருநாய், சுடுகாடு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, தொழில் வரி. இவை மாநகராட்சியுடையவை.

குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம். 1978-லிருந்து அது தனி வாரியம், மாநில அரசின் கீழ். நகரத் திட்டமிடலும் பெரிய கட்டடங்களுக்கான அனுமதியும் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். பேருந்து, மாநகரப் போக்குவரத்துக் கழகம். அடையாறும் கூவமும் நீர்வளத் துறை. அண்ணா சாலை மாதிரியான முக்கியச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையிடம். மின்சாரம், காவல், மெட்ரோ ரயில் எதுவும் மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குள் வராது.

இப்போது ஒரு தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் வடிகால் மாநகராட்சியுடையது, அந்த வடிகாலில் கள்ளத்தனமாகக் கலக்கும் சாக்கடை மெட்ரோ வாட்டருடைய பிரச்சினை, வடிகால் போய்ச் சேரும் ஆறு நீர்வளத் துறையுடையது, அந்த ஆற்றங்கரையில் எழும்பிய அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்தது சி.எம்.டி.ஏ., தோண்டிப் போட்ட பள்ளம் மெட்ரோ ரயிலுடையதாகவும் இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே கேட்டது செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்தார்கள் என்று. அந்த ஏரியின் மதகு மாநிலப் பொதுப்பணித் துறையின் கையில் இருந்தது. மேயருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

எப்போதுமே இப்படித்தானா? இல்லை

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துச் சாசனம், கிழக்கிந்தியக் கம்பெனியின் யோசனை. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். கம்பெனிக்கு இதில் ஜனநாயக ஆசை எதுவும் இல்லை. ஊர்க்காரர்களையும் சபையில் உட்கார வைத்தால் வரி கொடுக்கும்போது முணுமுணுக்க மாட்டார்கள் என்ற கணக்குதான். ஊர்க்காரர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள்.

நவீன மாநகராட்சிக்கு அடித்தளம் 1919-ஆம் ஆண்டுச் சட்டம். அப்போது தலைமைப் பதவியின் பெயர் மேயர் அல்ல, தலைவர். பிட்டி தியாகராயர் அந்தப் பதவியில் இருந்த 1920-ல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. மேயர் என்ற பெயர் 1933-ல் திரும்பி வந்தது, முதலில் அமர்ந்தவர் ராஜா சர் முத்தையா செட்டியார். பதவிக்காலம் ஓராண்டு. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள்.

ஓராண்டில் என்ன கிழித்துவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். சத்தியமூர்த்தியைப் பாருங்கள். 1887-ல் திருமயத்தில் பிறந்து, வக்கீலாகி, காங்கிரஸின் பெரிய பேச்சாளராகி, காமராஜருக்கு வழிகாட்டியாக இருந்தவர், 1939-ல் சென்னை மேயர் ஆனார். ஊரில் குடிநீர்ப் பஞ்சம், மேலே பிரிட்டிஷ் கவர்னர் ஆட்சி, வெளியே உலகப் போர். அந்த நேரத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று மல்லுக்கட்டி, 1940-ல் அடிக்கல் நாட்ட வைத்தார். 1944-ல் தேக்கம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். பூண்டிக்கு இன்றைய பெயர் சத்தியமூர்த்தி சாகர்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய தனிப்பட்ட பெருமையை மட்டும் இல்லை. அன்றைக்குக் குடிநீர் மாநகராட்சியின் வேலையாக இருந்தது, அதனால் ஒரு மேயர் நீர்த்தேக்கம் கேட்டு வாதாட முடிந்தது. இன்றைய மேயர் தன் வார்டில் ஒரு குடிநீர்க் குழாய் மாற்றவும் வேறு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்.

இந்த மாற்றம் பெரும்பாலும் எழுபதுகளில் நடந்தது. 1959-ல் சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றியதுதான் தி.மு.க. பிடித்த முதல் பெரிய அதிகார இடம். அதற்காகக் கருணாநிதிக்கு அண்ணா மோதிரம் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதே கட்சியின் ஆட்சியில், 1973-ல், மஸ்டர் ரோல் ஊழல் புகாரைத் தொடர்ந்து மன்றம் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராத ஆட்கள் பெயரில் கூலி எழுதிய விவகாரம் அது. கலைத்தது சரியா தப்பா என்பது தனி விவாதம். ஆனால் கலைத்தவர்களும் சரி, பின்னால் வந்த அ.தி.மு.க. ஆட்சியும் சரி, மறுபடி தேர்தல் நடத்தவில்லை. 23 ஆண்டுகள் மேயரே இல்லாமல் தனி அதிகாரிகளை வைத்து ஊரை ஓட்டினார்கள். குடிநீர் வாரியம் பிரிந்து போனது இந்த இடைவெளியில்தான், சி.எம்.டி.ஏ. வேரூன்றியதும் இதே பத்தாண்டில்தான். எங்கள் வேலையை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்க ரிப்பன் மாளிகையில் ஆள் இல்லை.

1996: ஒரே மனிதர், ஒரே சட்டம், இரண்டு முடிவு

1993-ல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் கட்டாயம் என்றது அது. அதன்படி 1996 அக்டோபரில் தேர்தல் வந்தது, மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி நேரடியாக வந்த முதல் சென்னை மேயர் மு.க.ஸ்டாலின். வயது 43, ஏற்கனவே ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ., நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர், முதலமைச்சரின் மகன். கட்சிக்குள் இளைஞர் அணியைத் தாண்டி, ஒரு நிர்வாகியாக அவரை ஊர் பார்த்தது இந்தப் பதவியில்தான்.

அந்த ஐந்தாண்டில் நடந்தவை கண்ணுக்குத் தெரிந்தன. சிங்காரச் சென்னை என்ற முழக்கம். ஒரே சமயத்தில் பல இடங்களில் மேம்பாலங்கள், அதுவும் மாநகராட்சியின் பொறுப்பில். 2000-ல் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் போனது, தெருவில் சீருடை போட்ட ஆட்கள் புதிதாகத் தெரிந்தார்கள். 1998-ல் சொத்து வரி திருத்தப்பட்டது. அதற்கப்புறம் 24 ஆண்டுகள் எந்தத் திருத்தமும் நிலைக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், அது சாதாரணக் காரியம் இல்லை.

இதை வைத்து, நேரடித் தேர்தல் வந்தால் மேயருக்குப் பலம் வந்துவிடும் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகம். காரணம், அடுத்து நடந்தது.

2001 மே மாதம் ஆட்சி மாறியது, ஜெயலலிதா முதலமைச்சர். ஸ்டாலின் இன்னும் மேயர், அதே நாற்காலி, அதே 1919 சட்டம். ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டார் அல்லவா, மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்ற அந்த வழக்கின் தொடக்கம் மாநகராட்சி ஆணையர் கொடுத்த புகார். மேயரின் பெயரும் அந்த வழக்கில் இருந்தது. வழக்கு பின்னாளில் கைவிடப்பட்டது என்பது வேறு விஷயம். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: ஐந்தாண்டு மேயரோடு இழைந்து வேலை செய்த அந்த ஆணையர் அலுவலகம், கோட்டையில் ஆள் மாறிய இரண்டு மாதத்துக்குள் மேயர் மீதே புகார் கொடுத்தது. அந்த அலுவலகம் ஒரு நாளும் மேயருக்குக் கட்டுப்பட்டதாக இருந்ததில்லை. அதுவரை அது தெரியாமல் இருந்ததற்குக் காரணம், இரண்டு பேருக்கும் மேலே ஒரே ஆள் உட்கார்ந்திருந்ததுதான்.

2001 அக்டோபரில் மறுபடி மேயர் தேர்தல். மாநிலத்தில் அலை எதிர்ப்பக்கம் அடித்தும் சென்னை மக்கள் ஸ்டாலினையே தேர்ந்தெடுத்தார்கள். துணை மேயர் பதவி எதிரணிக்குப் போனது. 2002-ல் ஒருவர் எம்.எல்.ஏ. பதவியையும் மேயர் பதவியையும் சேர்த்து வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. யாரை மனதில் வைத்து என்று சொல்லத் தேவையில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அவர் எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தார், மேயர் நாற்காலி போனது. துணை மேயர் கராத்தே தியாகராஜன் 2006 வரை பொறுப்பு மேயர்.

ஒரே மனிதர், இரண்டு முறையும் லட்சக்கணக்கான ஓட்டு. முதல் முறை மேம்பாலம் கட்டினார், இரண்டாம் முறை ஒரு வருடம்கூட ஒழுங்காக உட்கார முடியவில்லை. மக்கள் ஓட்டு மேயருக்கு அதிகாரம் தந்திருந்தால் இரண்டாம் முறையும் தந்திருக்க வேண்டும்.

தேர்தல் முறையை மாற்றி மாற்றி விளையாடியது

மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்று 74-ஆவது திருத்தம் விட்டுவிட்டது. இந்த ஓட்டையில் இரண்டு கழகங்களும் புகுந்து வந்த வரிசை இது:

1. 1996, 2001: நேரடித் தேர்தல்.
2. 2006, தி.மு.க. ஆட்சி: மறைமுகம். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.
3. 2011, அ.தி.மு.க. ஆட்சி: மறுபடி நேரடி.
4. 2016, அதே ஆட்சி: மறைமுகம் என்று திருத்தம். பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது.
5. 2018: மறுபடி நேரடி என்று திருத்தம். தேர்தல் நடக்கவில்லை.
6. 2019 நவம்பர்: மறைமுகம் என்று அவசரச் சட்டம். அப்போதும் நகர்ப்புறத் தேர்தல் நடக்கவில்லை.
7. 2022 பிப்ரவரி 19: ஒருவழியாகத் தேர்தல், மறைமுக முறையில்.

2006-ஆம் வருட மாற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது உள்ளாட்சித் துறை அமைச்சர் யார் தெரியுமா? ஸ்டாலின்தான். நேரடித் தேர்தலால் உருவான முதல் மேயர், அமைச்சரானதும், அந்த ஏணி அவர் துறையிலேயே கழற்றப்பட்டது. மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் எதுவும் நகராது என்பது மறைமுக முறைக்குச் சொல்லப்படும் வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது, 2001-க்குப் பிறகு சென்னை அதைப் பார்த்தது. ஆனால் லட்சக்கணக்கான ஓட்டு வாங்கிய இன்னொரு தலைவர் ஊருக்குள் இருப்பது எந்த முதலமைச்சருக்கும் பிடிக்காது என்பதும் உண்மை. இரண்டு கட்சியும் இதில் ஒன்றுதான்.

பிறகு வந்தவர்கள்

2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தவர் மா.சுப்பிரமணியன். தெருத்தெருவாகச் சுற்றுகிறவர் என்று பெயர் எடுத்தார். கோட்டையோடு ஒத்துப்போனதால் நிர்வாகத்தில் உரசல் அதிகம் இல்லை. 2016-ல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சர்.

2011-ல் அவரைத் தோற்கடித்தவர் சைதை துரைசாமி. இவர் அந்த வருடம் மே மாதம்தான் கொளத்தூர் சட்டமன்றத் தொகுதியில் ஸ்டாலினிடம் மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றிருந்தார். அக்டோபரில் மேயர். 42 உள்ளாட்சிகளை இணைத்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டராக, 155 வார்டு 200 வார்டாக ஆன பிறகு வந்த முதல் மேயர் இவர். அதாவது சென்னை மேயரின் எல்லை முன்னெப்போதையும் விடப் பெரிதாக இருந்த காலம். இவர் காலத்தில் மாநகராட்சி செய்ததில் மக்கள் நினைவில் நிற்பது எது? 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகம், ஒரு ரூபாய்க்கு இட்லி. அரிசி வேகும் அடுப்பும் ஆட்களும் நஷ்டமும் மாநகராட்சியுடையவை. பலகையில் பெயரும் படமும் முதலமைச்சருடையவை.

2016 அக்டோபரோடு மன்றத்தின் காலம் முடிந்து, 2022 வரை மீண்டும் அதிகாரிகள் ஆட்சி. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வடிகாலைச் சரிசெய்ய ஆலோசனை சொல்ல, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்ததும் மாநில அரசுதான். கவுன்சிலர் என்று ஒருவர்கூட அப்போது ஊரில் இல்லை.

2022 மார்ச் 4 அன்று ஆர்.பிரியா மேயரானார். வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்கு அப்புறம் மூன்றாவது பெண் மேயர், முதல் பட்டியலினப் பெண் மேயர். 74-ஆவது வார்டில் முதல்முறை கவுன்சிலராக ஜெயித்தவர் அப்படியே மேயர் நாற்காலிக்கு வந்தார். இட ஒதுக்கீடு இல்லாமல் இது நடந்திருக்காது, அந்த வகையில் பெரிய விஷயம். ஆனால் 200-ல் 153 வார்டு தி.மு.க.விடம், மேயர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்து அறிவிக்கிறது. இப்படி வந்த ஒருவர், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அமைச்சரையோ ஆணையரையோ எதிர்த்து எந்த பலத்தில் நிற்பார்? மேயர் அனுபவமற்றவர் என்று கிண்டலடிக்கிற பதிவுகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

பணம் எங்கிருந்து, முடிவு எங்கிருந்து

2022 ஏப்ரலில், புது மன்றம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, சொத்து வரி 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயரும் என்று மாநில அரசு அறிவித்தது. மன்றத்தில் தீர்மானம் பிறகு நிறைவேறியது. மாநகராட்சியின் சொந்த வருமானத்தில் முக்கியமான வரியே இது, அதன் விகிதத்தைக்கூட வெளியே முடிவு செய்து உள்ளே கைதூக்க வைக்கிறார்கள். பெரிய வடிகால் திட்டங்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி என்று வெளிநாட்டுக் கடன் வருகிறது. அதுவும் மாநில, மத்திய அரசுகள் வழியாகத்தான்.

74-ஆவது திருத்தம் 18 பணிகளைப் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர், தீயணைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் இவற்றை மாநிலங்கள் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் சொன்னது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு மட்டும் இல்லை, பெரும்பாலான மாநிலங்கள் கொடுக்காததற்கு இடம் அங்கேயே இருக்கிறது. 1919 சட்டத்தின் இடத்தில் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், பல ஆண்டு கிடப்பில் கிடந்து, 2023-ல் விதிகளோடு அமலுக்கு வந்தது. ஆணையரை நியமிப்பது யார் என்பதை அதுவும் மாற்றவில்லை.

அடுத்த தேர்தலில் எதைக் கேட்பது?

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அப்போது மறுபடி நேரடியா, மறைமுகமா என்ற விவாதம் வரும், தொலைக்காட்சியில் நாலு பேர் கத்துவார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்விதான். முதல் கேள்வி, ஆணையரின் நியமனத்திலும் மாறுதலிலும் மன்றத்துக்குப் பேச்சு உண்டா? இரண்டாவது, குடிநீர் வாரியமும் சி.எம்.டி.ஏ.வும் மேயருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருமா? இந்த இரண்டும் இல்லாமல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் 2001-ல் நடந்தது இன்னொரு முறை நடக்கும், அவ்வளவுதான். ஓட்டு ஒருவருக்கு, கையெழுத்து இன்னொருவருக்கு.

அதுவரை தெருவில் தண்ணீர் நின்றால் 1913-க்குக் கூப்பிடுங்கள், அது மாநகராட்சியின் புகார் எண். அந்தத் தண்ணீர் நாறினால் மட்டும் மெட்ரோ வாட்டரைக் கூப்பிட வேண்டும்.